டயருக்கடியில் எலுமிச்சம்பழம்

வாடகைக்குக் கார் எடுக்கிறவர்கள் எல்லாரும் வெளியே கீறல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து வீடியோ எடுக்கிறார்கள். கீறலால் யாரும் சாவதில்லை. நான் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து முதலில் பிரேக்கை அழுத்திப் பார்ப்பவன்.

கோவிந்தப்பா சார், எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. காபிக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் ஸ்டேஷன் காபியில் குறை சொல்லக் கூடாது.

என் பெயர் ஹெர்பர்ட். காக்ஸ் டவுனில் இருக்கிறேன். மெஷின் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். நீங்களும் இன்ஸ்பெக்டர், நானும் இன்ஸ்பெக்டர். உங்களிடம் வருகிறவர்கள் பொய் சொல்வார்கள், என்னிடம் வந்த இரும்பு பொய் சொல்லாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒரு பீஸ் அளவில் தவறினால் அதன் மேல் சிவப்புப் பெயிண்ட் வைப்போம். பெயிண்ட் மட்டும் போதாது. யாராவது மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, நல்ல பீஸ்களோடு மறுபடி கலந்து அனுப்பிவிடுவார்கள். அதனால் ரிஜெக்ட் ஆன பீஸை அன்றைக்கே சுத்தியலால் உடைத்துவிட வேண்டும். அதற்கென்றே மூலையில் ஒரு இரும்புப் பலகை கிடந்தது. உடைக்கும்போது கோபம் இருக்கக் கூடாது என்று என்னுடைய ஃபோர்மன் சொல்வார். நானும் கோபப்பட்டதில்லை. சின்ன பீஸ் ஒரே அடியில் போய்விடும். கனமானதற்கு இரண்டாவது அடி தேவைப்படும்.

போன மே மாதம் என் மகள் நிக்கோல் எங்களுக்கு ஏற்காட்டில் ரூம் போட்டுக் கொடுத்தாள். அவள் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாள். எங்கள் கல்யாண நாளுக்கு அவள் கொடுத்த பரிசு அது. என் மனைவி டோரதி பல வருடங்களாக மலைக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டிரைவர் வைத்துப் போகலாம் என்றாள் நிக்கோல். எனக்கு இன்னொருவன் ஓட்டுவதை உட்கார்ந்து பார்க்கப் பொறுமை கிடையாது. நாமே ஓட்டிக்கொள்ளும் வண்டிதான் வேண்டும் என்றேன்.

அப்படித்தான் ஒக்கலிபுரத்தில் ரகுராமின் ஏஜென்சிக்குப் போனோம். இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில் சந்து மாதிரி ஒரு இடம். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்துப் போட்ட கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். வாசலில் இரண்டு பக்கமும் கான்கிரீட் தூண். வலது தூணை ஒட்டி எப்போதும் ஏதாவது ஒரு தட்டுமுட்டுச் சாமான் கிடக்கும். ரகுராமுக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் இரண்டு பேனா, வாயில் எப்போதும் "ஒண்ணும் ஆகாது சார்."

பிரேக் பெடல் கொஞ்சம் உள்ளே போகிறது என்று அன்றே சொன்னேன்.

"புது பேட் போட்டிருக்கு சார். ஓட ஓட செட் ஆயிடும். ஒண்ணும் ஆகாது சார்," என்றான்.

"செட் ஆகலைன்னா?"

"எனக்கு ஒரு போன் போடுங்க சார். நான் எதுக்கு இருக்கேன்?"

பிறகு குனிந்து முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனான். அவனிடமிருந்து எந்த வண்டி வெளியே போனாலும் அவனே தன் கையால் பழம் வைத்து, நசுக்கச் சொல்லி, அதற்குப் பிறகுதான் அனுப்புவான். நாங்கள் சி.எஸ்.ஐ. சபை, எங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை, வேண்டாம் என்றேன்.

"பரவால்ல சார். இது உங்களுக்கு இல்ல, வண்டிக்கு."

"வேணாம்னா வேணாம்ப்பா."

டோரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சண்ட போடாதீங்க. அந்தப் பழத்த என்கிட்ட குடுப்பா. மலை ஏறறப்போ எனக்குத் தல சுத்தும். மோந்து பாத்துக்கறேன்."

அவன் பழத்தைச் சட்டையில் துடைத்து அவளிடம் கொடுத்தான். "இன்னொண்ணும் வச்சுக்குங்கம்மா. வாடிப் போச்சுன்னா வாசன இருக்காது." இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவன் கெட்டவன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை என்பது பதிவாக வேண்டும். பீஸ் செய்தவன் நல்லவனா கெட்டவனா என்று இன்ஸ்பெக்‌ஷனில் பார்ப்பதில்லை.

ஓசூர் தாண்டியதும் பிரேக் கிறீச்சிட ஆரம்பித்தது. கிருஷ்ணகிரியில் ஏ.சி.யிலிருந்து டோரதியின் கால் மேல் தண்ணீர் சொட்டியது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி வைத்துக்கொண்டாள். நான் ஓரமாக நிறுத்தி, ஏஜென்சி ரசீதில் போட்டிருந்த ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் என் பெயரைக் கேட்டாள், வண்டி நம்பரைக் கேட்டாள், கம்ப்ளெய்ண்ட் பதிவாகிவிட்டது என்றாள். மறுபடி கூப்பிட்டால் வேறொரு பெண் முதலிலிருந்து என் பெயரைக் கேட்டாள். நடுவில் ஒரு வீணை சங்கீதம். அந்த வீணை இன்னும் என் காதில் இருக்கிறது. சர்ச்சில் ஜெபம் பண்ணும்போதுகூட வருகிறது.

ஏற்காட்டில் ரூமுக்கு மெக்கானிக்கை அனுப்புவதாகச் சொன்னார்கள். மறுநாள் முழுக்க வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. டோரதி ஏரிக்குப் போகலாம் என்றாள். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று திரும்பிப் போனால் அதையும் நம் தலையில் கட்டுவார்கள் என்றேன். அவள் தனியாகப் போய்ப் படகில் ஏறிவிட்டு வந்தாள். வந்து ஏதோ சொன்னாள், ஒரு குழந்தையைப் பற்றி, வாத்தைப் பற்றி. நான் அப்போது ஹெல்ப்லைன் போனில் ஹோல்டில் இருந்தேன். அதனால் சரியாகக் கேட்கவில்லை. அவளுடைய விடுமுறையை அவர்கள் அப்படிக் கெடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் ரகுராமே கூப்பிட்டான். "பெடல்ல என்ன பிராப்ளம்னு ஒரு வீடியோ அனுப்புங்க சார்" என்றான். நிற்கிற வண்டியில் பெடலை அழுத்திக் காட்டி அனுப்பினேன். பார்ப்பதற்கு நார்மலாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. நிற்கிற வண்டியில் பிரேக் நார்மலாகத்தான் இருக்கும். மண் பொம்மைகூட நிற்கும்போது விழாது. எனக்கு அப்போது வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். ராத்திரி சாப்பிடாமல் அந்தப் பதிலையே திரும்பத் திரும்பப் படித்தேன். என் சர்வீஸ் முழுவதும் நான் ரிஜெக்ட் செய்த ஒரு பீஸைக்கூட யாரும் சரியென்று நிரூபித்ததில்லை.

ஓடுகிற வண்டியில், இறக்கத்தில், பெடல் உள்ளே போவதைக் காட்ட வேண்டும். அது ஒன்றுதான் வழி என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

காலையில் டோரதி பெட்டியைக் கட்டிக்கொண்டு, "ஏங்க, பஸ்லயே எறங்கிடலாம். சேலத்துல ட்ரெயின் பிடிச்சிக்கலாம்," என்றாள்.

"வண்டிய விட்டுட்டுப் போனா, நாமதான் அம்போன்னு விட்டுட்டு ஓடிட்டோம்னு சொல்வான்."

"சொல்லட்டுமே. சொன்னா என்ன?"

சொன்னால் என்ன என்று கேட்கிறவளுக்கு என்ன பதில் சொல்வது? அவள் நல்ல மனுஷி. ஆனால் எதையும் கடைசிவரை பிடித்து நிற்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் வசனம் தப்பாகச் சொன்னால்கூட மிட்டாய் கொடுத்துவிடுவாள்.

இறங்க ஆரம்பித்தோம். அவள் மடியில் எலுமிச்சம்பழம், கையில் என் செல்போன். பெல்ட் போட்டுக்கொண்டு குனிந்தால் கேமரா என் முழங்கால் வரைக்கும்தான் எட்டியது. கழற்றச் சொன்னேன். கழற்றினாள். கியருக்கு மேலே சாய்ந்து, தலையை டேஷ்போர்டுக்குக் கீழே விட்டு, பெடலுக்கு நேராக செல்போனைப் பிடித்தாள். வளைவுக்கு வளைவு நான் பிரேக்கை அழுத்திக் காட்டினேன். வளைவு இல்லாத இடத்திலும் அழுத்தினேன். நடுவில் கருகுகிற வாசனை வந்தது. நல்லது, இது பதிவாகட்டும் என்று நினைத்தேன். பிறகு ஒரு திருப்பத்தில் பெடல் முழுவதும் உள்ளே போயிற்று. நான் சொன்னது போலவே போயிற்று.

வண்டி இடது பக்கமாகப் பாறையில் மோதியது. நான் பெல்ட் போட்டிருந்தேன், தோளில் ஒரு கன்றல் மட்டும். டோரதியின் தலைக்கு இருந்த இடம் டேஷ்போர்டுக்கும் கியருக்கும் நடுவில் ஒரு சாண்தான். மோதிய பிறகு அந்த இடமும் இல்லை. கழுத்து எந்தப் பக்கம் திரும்பக் கூடாதோ அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கண் திறந்தே இருந்தது. என் பேன்ட் முழங்காலுக்குக் கீழே வெதுவெதுப்பாக நனைந்தது. எலுமிச்சம்பழம் என் காலடியில் வந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

சேலத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவர் வண்டியைப் பார்த்தார். பிரேக்கில் பழுது இல்லை, மலையில் சின்ன கியரில் வராமல் ஓயாமல் பிரேக்கை மிதித்ததால் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது என்று எழுதிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். மிதித்துப் பார்க்காமல் பிரேக்கை எப்படிச் சோதிப்பது?

அடக்கத்துக்கு ரகுராம் வந்திருந்தான். ஓசூர் ரோடு கல்லறையில் கேட்டுக்குப் பக்கத்தில், கையில் மாலையோடு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாதவன் போல நின்றான். நிக்கோல்தான் போய் அழைத்து வந்தாள். அவன் குழிக்குப் பக்கத்தில் அழுதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அத்தோடு விட்டுவிட்டேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். வீட்டில் இருந்தேன், துவையல் அரைக்கக் கற்றுக்கொண்டேன், அவளுடைய குரோட்டன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். மழைக்காலம் முடிந்ததும் சிட்டி ரயில்வே ஸ்டேஷனில் ஒரு டிக்கெட் எடுக்கப் போனவன், திரும்பும்போது ஒக்கலிபுரம் வழியாக வந்தேன். அந்தச் சந்தில் அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது.

அதே நம்பர். இடது பக்கம் புதுக் கதவு, புதுப் பெயிண்ட். உள்ளே புது சீட் கவர். ஒரு குடும்பம் அதைச் சுற்றி வந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. சின்னப் பெண் ஒன்று, டோரதி உட்கார்ந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து ஜன்னலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்.

துடைத்துவிட்டு மறுபடி கலந்துவிட்டார்கள் சார். அதுதான் எனக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

ரகுராம் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து நாற்காலி போட்டான். டீ வாங்கிவரச் சொன்னான். வண்டியை நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எனக்கு ஒரே நெனப்பு சார். அன்னைக்கு எலுமிச்சம்பழம் வைக்க விட்டிருந்தீங்கன்னா... அம்மா கையில வாங்கிட்டுச் சிரிச்சது அப்படியே கண்ணுல நிக்குது. நான் உங்களயும் மீறி வச்சிருக்கணும் சார். என் தப்புதான்."

நிக்கோலிடம் இதைச் சொன்னேன். "அவர் தன்னையேதானேப்பா நொந்துக்கறாரு," என்றாள். அவளுக்கு வயது போதாது. அவன் சொன்னதில் முதலில் வருவதைக் கவனியுங்கள். வைக்க விட்டிருந்தால் என்றான். விடாதது யார்? நான். பிரேக் இல்லை, பேட் இல்லை, வராத மெக்கானிக் இல்லை, நான். ஆறு மாதம் யாரும் என் முகத்துக்கு நேராகச் சொல்லாததை அவன் டீ கொடுத்துக்கொண்டே சொன்னான்.

டீயைக் குடித்து முடித்தேன். வீட்டுக்குப் போய் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். ரிஜெக்ட் எது என்று முடிவான பிறகு எனக்கு எப்போதும் தூக்கம் வரும்.

மறு வாரம் அவனுக்குப் போன் போட்டேன். ஏற்காட்டில் அவள் போன இடத்தில் பூ வைக்க வேண்டும், அதே வண்டி வேண்டும் என்றேன். "நானே ஓட்டிட்டு வரேன் சார். நீங்க பின்னாடி உக்காந்துக்குங்க," என்றான். வேண்டாம், தனியாகப் போக வேண்டும் என்றேன்.

நேற்றுக் காலை போனேன். வண்டியைக் கழுவி, வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி வைத்திருந்தான். முற்றம் பெருக்குகிற சின்னத்தாயி ஓரமாக நின்றாள். நான் வழக்கம் போல உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். நன்றாகப் பிடித்தது. இதை அடிக்கோடு போட்டு எழுதச் சொல்லுங்கள். நேற்று பிரேக் நன்றாகப் பிடித்தது.

"ரகுராம், இந்தத் தடவ எலுமிச்சம்பழம் வச்சுடுப்பா," என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. பழம் தீர்ந்திருந்தது. தெருமுனைக் கடைக்கு அவனே ஓடிப்போய் இரண்டு வாங்கி வந்தான். இரண்டையும் சட்டையில் துடைத்தான். வண்டிக்கு முன்னால் வலது தூண் பக்கமாகக் குந்தி உட்கார்ந்து, வலது டயருக்கு அடியில் ஒன்றை வைத்தான். நான் எஞ்சினைப் போட்டுக் கிளட்சை மிதித்து முதல் கியரில் வைத்தேன். இன்னொரு பழம் கையில் இருக்க, அவன் பானெட்டுக்கு மேலே முகத்தைத் தூக்கி, "இருங்க சார், ஒண்ணு இருக்கு, நான் சொல்றப்போ எடுங்க," என்றான்.

அவன் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. எடுத்தேன்.

தூண் பக்கத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று, நகர இடம் இல்லை. பம்பர் அவன் மார்பில் பட்டு அவனைத் தூணோடு வைத்து அழுத்தியது. விறகு முறிகிற சத்தம். அவன் இரண்டு கையையும் பானெட் மேல் வைத்து வண்டியைத் தள்ளப் பார்த்தான். பாவம், பழம் இன்னும் ஒரு கையில் இருந்தது. வாயிலிருந்து வந்தது கண்ணாடி வரைக்கும் தெறித்தது. "சார்" என்றான் என்று நினைக்கிறேன். சின்னத்தாயி துடைப்பத்தால் கண்ணாடியை அடித்து, நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினாள். பிரேக்கை அழுத்தியிருந்தால் நின்றிருக்கும்.

ரிவர்ஸ் எடுத்தேன். அவன் சரிந்து உட்கார்ந்தான். மூச்சு இருந்தது, விலா எலும்பு சட்டையைக் குத்திக்கொண்டு மேலும் கீழும் போயிற்று. பார்த்தேன், யோசித்தேன். கனமான பீஸ். இரண்டாவது தடவை கொஞ்சம் வேகமாகவே எடுத்தேன். தலையும் தூணும் படுகிற மாதிரி ஸ்டியரிங்கை ஒடித்தேன். அதற்குப் பிறகு யாராலும் துடைத்துக் கலக்க முடியாது.

எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியைச் சின்னத்தாயியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. பானெட் மேல் வைத்துவிட்டு போன தடவை அவன் எனக்குப் போட்ட அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருந்தேன்.

நீங்கள் காலையில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினீர்கள். ஏற்காட்டில் அந்தச் சாயங்காலம் ரகுராம் எனக்குப் போன் போட்டது, அவன் செல்போனில் பதிவாகியிருந்தது. ஆமாம், அவன் குரல்தான். வீடியோ அனுப்புங்க என்று சொன்ன பிறகு அவன் இதையும் சொல்லியிருக்கிறான். "சந்தேகமா இருந்தா வண்டிய எடுக்காதீங்க சார். அங்கயே விட்டுட்டு அம்மாவ கூட்டிட்டு பஸ்ல எறங்கிடுங்க. நான் ஆள் விட்டு எடுத்துக்கறேன்." அதை நான் முதலிலேயே சொல்லாததற்குக் காரணம், அதற்கு முக்கியத்துவம் இல்லை என்பதுதான். சர்வீஸ் சரியில்லாதவர்கள் கடைசியில் இப்படித்தான் பேசுவார்கள். பஸ்ஸில் இறங்கியிருந்தால் பெடல் உள்ளே போவது யாருக்குத் தெரிந்திருக்கும்?

நீங்கள் என் மனைவியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இந்தக் கேஸ் ரகுராமைப் பற்றியது. அவனை நான் கொன்றேன், தெரிந்தே கொன்றேன், கையெழுத்துப் போடுகிறேன். டோரதி விஷயத்தில் என் பக்கம் எந்தக் குறையும் இல்லை. அதற்கு ஆதாரம் உங்கள் மேஜை மேல் இருக்கிற என் செல்போனிலேயே இருக்கிறது. மலையில் எடுத்த வீடியோ. நிக்கோல் ஒரு தடவை முழுதாகப் பார்த்தாள். அதன் பிறகு அவளுக்கு ஆபீஸில் வேலை அதிகம் போலிருக்கிறது, போன் எடுப்பதில்லை.

நீங்களும் பாருங்கள். என் கால் பிரேக் மேலேயே இருப்பதும், பெடல் உள்ளே போவதும் தெளிவாகத் தெரியும். டோரதியின் கை கடைசிவரை ஆடவே இல்லை, நல்ல வேலை. பார்க்கும்போது சத்தத்தை மட்டும் அணைத்துவிடுங்கள். அதில் டோரதியின் குரல்தான், பிரேக்கைப் பற்றி ஒன்றும் இல்லை.